‘கடைசி வண்டி’ பாதியில் நின்றது

கிரீன்வுட், மிசிசிப்பி
ஜூன் 11, 1984

ஒசெல்லா,

கவரின் மேல் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று தெரியும். என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்காமல் உனக்குத் தூக்கம் வராது. படித்துவிட்டுக் கிழி.

உன் விலாசத்தை உன் தம்பி லெமுவேலிடம் கெஞ்சி வாங்கினேன். நான் கெஞ்சினேன் என்றால் விஷயம் பெரிது என்று உனக்கே புரியும். மிஸஸ் பக்னர் என்று ஒருத்தி வந்திருக்கிறாள். அந்த மாவு மில் நடத்திய ரேடியோ நிகழ்ச்சியில் பாடியவர்கள், வாசித்தவர்கள் எல்லோரையும் தேடிப் பிடித்து ஒரே மேடையில் ஏற்றப் போகிறாளாம். சபைப் பாட்டுக்காரர்கள், மலைப் பாட்டுக்காரர்கள், புளூஸ்காரர்கள், யாரெல்லாம் இன்னும் மூச்சு விடுகிறார்களோ அவ்வளவு பேரும். செப்டம்பர் கடைசி சனிக்கிழமை. இடம், ஊருக்குள் இருக்கிற பழைய சினிமாக் கொட்டகை. கறுப்பர்கள் என்று நம்மைப் பால்கனிக்கு மட்டும் ஏற்றிவிட்டார்களே, அதே கொட்டகை. இப்போது நாம் மேடையில்.

ஹோபர்ட் கம்ப்ஸும் வருகிறான். பாஞ்சோ மீட்டுகிற வெள்ளைக்காரன், ஞாபகம் இருக்கிறதா? நாம் பாடி முடித்த மைக்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் வாயருகே கொண்டுபோவான். இப்போது அவனுக்குப் பல் இல்லை. போனில் என்னை ‘அம்மா’ போட்டுப் பேசுகிறான்.

நீயும் நானும் சேர்ந்து ‘கடைசி வண்டி’ பாட வேண்டும் என்று மிஸஸ் பக்னர் ஒற்றைக் காலில் நிற்கிறாள். டிரம்ஸ் டாலிவர்தான். முகத்தைச் சுளிக்காதே. உன்னைக் கட்டிய என் அண்ணன் இப்போது சபையில் டீக்கன், பெரியவர்களில் ஒருவன். மாறிவிட்டான். நீ கத்தியால் கிழித்த கையில் தழும்பு அப்படியே இருக்கிறது, ஆனால் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசுவதில்லை. இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது ஒசெல்லா. போதும்.

வெர்னெல்


டெட்ராய்ட்
ஜூன் 25, 1984

வெர்னெல்,

படித்தேன், கிழித்தேன். பிறகு பதில் எழுத வேண்டுமே என்று பசை போட்டு ஒட்டினேன். உன் கடிதத்துக்காக நான் செலவழிக்கிற கடைசிப் பொருள் அந்தப் பசைதான்.

‘நீ கத்தியால் கிழித்த கை’ என்று எழுதுகிறாய். அவன் உடைத்த தாடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மறந்துவிட்டதா? நான் நினைவுபடுத்துகிறேன்.

இட்டா பீனா சபையில் ஆண்டு விழா. மத்தியான வெயில். மெம்ஃபிஸிலிருந்து ரெக்கார்டு கம்பெனி ஆள் வந்து, ‘ரெண்டு பொம்பளைங்களும் போதும், டிரம்ஸுக்கு நாங்க ஆள் வச்சிருக்கோம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ‘கடைசி வண்டி’ உச்சத்துக்குப் போனது. நான் தண்ணீர் குடிக்கப் பின்னறைக்குப் போனேன். டாலிவர் குச்சிகளை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டு என் பின்னால் வந்தான். அவன் எழுந்து வந்ததை நீ பார்த்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன்.

முதல் அடி வாயில் விழுந்தது. அடுத்தது தாடையில். எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. கீழே விழுந்தவளை வாளியால் அடித்தான். ‘எதுக்குடி உனக்கு மெம்ஃபிஸ்?’ என்று கேட்டுக் கேட்டு அடித்தான். நான் கத்தினேன் வெர்னெல். உன் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன். நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நீ கிட்டார் வாசித்துக்கொண்டே இருந்தாய்.

சாயங்காலம் வீட்டில் மறுபடி கை ஓங்கினான். அப்போதுதான் அவனுடைய சவரக்கத்தியை எடுத்து அவன் கையிலேயே இழுத்தேன். போலீஸ் என்னைத்தான் பிடித்துக்கொண்டு போனது. உன்னிடம் கேட்டார்கள். நீ என்ன சொன்னாய்? ‘பாட்டு சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலை.’ உடைந்த தாடையோடு ஜெயிலில் சோள ரொட்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். இன்றைக்கும் என் வாய் ஒரு பக்கம் கோணித்தான் திறக்கும்.

நான் வரமாட்டேன். டீக்கனுக்கு என் வாழ்த்துகளைச் சொல்.

ஒசெல்லா


கிரீன்வுட்
ஜூலை 9, 1984

ஒசெல்லா,

உன் வாய் கோணியிருக்கலாம், நாக்கு கோணவில்லை. நல்ல கூர்மை.

நீ சொல்லிவிட்டாய், நான் சொல்வதையும் கேள். அந்த நேரத்தில் சபை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதா? பரிசுத்த ஆவி இறங்கியிருக்கிறது. தாய்மார் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறார்கள். ஒருத்தி பெஞ்சு மேல் விழுந்து எழுகிறாள், ஒருத்தி தரையில் உருளுகிறாள். அப்போது கிட்டாரிலிருந்து கையை எடுக்கிறவளுக்கு நம் சபையில் என்ன பெயர்? தேவனோடு பேசிக்கொண்டிருப்பவர்களின் வாயைப் பொத்துகிறவள். நான் குழந்தையாக இருந்தபோது ஒரு முறை தந்தி அறுந்து நின்றேன். அப்பா என்னை பெல்ட்டால் அடித்து, மீதித் தந்திகளில் வாசிக்க வைத்தார். நம் சபையில் கூரை பற்றிக்கொண்டாலும் வாசிப்பு நிற்காது. ஆவியானவர் போன பிறகுதான் தண்ணீர் வாளியைத் தேடுவோம். உனக்குத் தெரியும் இது.

நீ படியில் விழுந்தாய் என்று டாலிவர் சொன்னான். அண்ணன் சொன்னதை நம்பினேன். அன்று சாயங்காலம் அவன் கையில் எலும்பு தெரிந்ததையும் நான்தான் பார்த்தேன். வாசல் பலகையில் ரத்தம் ஊறிப்போய், அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே அழுதாள். அந்தக் கறை கடைசி வரை போகவில்லை. எனக்கும் இரண்டு கண்தான், ஒசெல்லா. இரண்டு பக்கமும் ரத்தத்தைப் பார்த்தேன்.

சரி, உனக்காக ஒன்று செய்தேன். ‘நீ டிரம்ஸ் வாசிக்க வேண்டாம்’ என்று அவனிடம் சொல்லிவிட்டேன். என் கண்ணாடி அலமாரியைக் காலால் உதைத்துவிட்டுப் போனான். கல்யாணத்துக்கு வந்த தட்டுகள் எல்லாம் தூள். இத்தனை வருஷம் காத்திருந்தவனுக்குக் கோபம் வரத்தானே செய்யும். ஆனால் ஒப்புக்கொண்டான். சும்மா வந்து உட்கார்ந்து கேட்பானாம்.

நீ வந்தால் மட்டும் போதும். நீ இல்லாமல் அந்தப் பாட்டை நான் எங்கேயும் வாசித்ததில்லை. இதை உன்னைக் குளிர்விப்பதற்காகச் சொல்லவில்லை.

வெர்னெல்


டெட்ராய்ட்
ஆகஸ்ட் 2, 1984

வெர்னெல்,

மாறிவிட்டவன் அலமாரியை உதைக்கிறானா? மாறாமல் இருந்தால் வீட்டையே உதைத்திருப்பான் போலிருக்கிறது. நீ தட்டுகளைப் பெருக்கி அள்ளிவிட்டு அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்திருப்பாய். அடியே, நீ எனக்கு நாத்தனார் ஆவதற்கு முன்னால் தோழி. உன்னை எனக்குத் தெரியாதா?

ஆனாலும் வருகிறேன். உனக்காக இல்லை. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவே தினமும் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறேன். இயந்திரம் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஒரே ஒரு முறை அதை வாய்விட்டுப் பாட வேண்டும், அந்தக் கொட்டகையில், மேடை மேல் நின்று. ஆசைதான். மறைக்க என்ன இருக்கிறது?

என் நிபந்தனைகள் இவை. அவன் மேடைப் பக்கம் வரக்கூடாது. நான் பாடும்போது அவன் எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய வழக்கப்படியே செய்வோம். நீ முதலில் தனியாக வாசித்துக் கூட்டத்தைக் கொதிக்க வை. அவர்கள் எழுந்து நின்றதும் நான் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வருகிறேன்.

இன்னொன்று. அந்தச் சவரக்கத்தி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கைப்பையில் வைத்துக்கொண்டுதான் வருவேன். அவன் என்னைத் தொட்டால் இந்த முறை கையோடு நிறுத்தமாட்டேன். அவனிடமே இதைச் சொல்.

ஒசெல்லா


கிரீன்வுட்
ஆகஸ்ட் 20, 1984

ஒசெல்லா,

சொல்ல மாட்டேன். அவனைச் சீண்டிவிடுவதுபோல ஆகிவிடும். உனக்கும் சொல்கிறேன், கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வா.

கோபப்படாமல் யோசி. கத்தி இருந்தால் அதை எடுக்கத் தோன்றும். நீ மறுபடி உள்ளே போனால் இந்த வயதில் வெளியே வரமாட்டாய். மிசிசிப்பியில் அவன் டீக்கன், நீ வெளியூரிலிருந்து வந்த கத்திக்காரி. ஜூரி யார் பக்கம் என்று நான் சொல்ல வேண்டுமா?

எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். அவனுக்கு முன்வரிசையில் வலது கோடி நாற்காலி. பக்கத்தில் எங்கள் பாஸ்டர் கிரிம்ஸ்லி. மேடையில் நான் உட்கார்கிற இடத்திலிருந்து நேர் எதிரே தெரியும். நீ பாடி முடிக்கும்வரை என் கண் அவன் மேலேயே இருக்கும். ஒரு தடவை என்னை நம்பு. ஒரே தடவை.

வெர்னெல்


டெட்ராய்ட்
செப்டம்பர் 10, 1984

வெர்னெல்,

கத்தியை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். சாவி லெமுவேலிடம். உன் வார்த்தையை நம்பி வெறுங்கையோடு வருகிறேன்.

கெளுத்தி மீன் வறுத்து வை. இங்கே விற்கிறதெல்லாம் ரப்பர்.

ஒசெல்லா


கிரீன்வுட்
அக்டோபர் 15, 1984

ஒசெல்லா,

நீ டெட்ராய்ட் போய்ச் சேர்ந்துவிட்டதாக லெமுவேல் சொன்னான். தொண்டை ஆறும்வரை நீ பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதனால் போன் செய்யவில்லை. அன்றைக்கு நீ மேடைக்குப் பின்னறையில் உள்ளே இருந்தாய், நான் வெளியே இருந்தேன். வெளியே நடந்ததை எழுதுகிறேன்.

வழக்கப்படியே ஆரம்பித்தேன். ஹோபர்ட்டோடு வந்த ஒருவன் டிரம்ஸில் உட்கார்ந்தான். மலைக்காரன் என்றாலும் கை நன்றாகத்தான் பேசியது. கூட்டம் எடுத்த எடுப்பிலேயே எழுந்துவிட்டது. வெள்ளை உடை உடுத்திய தாய்மார் நடைபாதைக்கு வந்து ஆடத் தொடங்கினார்கள். அந்தக் கொட்டகையில் ஆவியின் அபிஷேகம் அப்படி இறங்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நானும் கண்ணை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம்தான் மூடினேன்.

நீ வரவேண்டிய இடம் வந்தது. நீ வரவில்லை. பழைய குறும்பு, கூட்டத்தை ஏங்க வைக்கிறாள் என்று நினைத்து இன்னொரு சுற்று வாசித்தேன். அதற்குப் பிறகும் ஒரு சுற்று. ஆடிக்கொண்டிருந்த தாய்மாருக்கு நடுவே ஒரு இடைவெளி வந்தபோது முன்வரிசை தெரிந்தது. நாற்காலியில் அவனுடைய தொப்பி மட்டும் இருந்தது. பக்கத்தில் பாஸ்டர் கிரிம்ஸ்லி கண்ணை மூடிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

நான் கையை எடுத்தேன்.

தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்துவிட்டு இரண்டு அடி அடித்து அவனும் நின்றான். ஒருத்தி ஆட்டத்தின் நடுவில் அப்படியே விழுந்தாள், ‘ஐயோ, என்ன ஆச்சு?’ என்று யாரோ கத்தினார்கள். பிறகு கொட்டகையே அமைதியானது. அந்த அமைதியில் மேடைக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது.

“என்னைத் தின்னுட்டு நீ மட்டும் மேடை ஏறுவியாடி? இப்பப் பாடு! பாடுடி பாக்கலாம்!”

அதோடு ஏதோ சுவரில் மோதுகிற சத்தம்.

கிட்டார் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்க நான் ஓடினேன். பின்னறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பக்கவாட்டில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தான் ஹோபர்ட். அந்தக் கிழவன் பாஞ்சோவைக் கீழே போட்டுவிட்டு, “தள்ளும்மா” என்று சொல்லி, அந்தக் கதவை உதைத்தான் பார், எழுபது வயதில்! மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. நீ தரையில் கிடந்தாய். உன் முகம் நீலமாக இருந்தது. டாலிவர் உன் மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான். எழுந்து கை இரண்டையும் தூக்கிக் காட்டி, “நான் ஒண்ணும் பண்ணலை, அவதான் விழுந்தா” என்றான்.

விழுந்தாளாம். அதே வார்த்தை, ஒசெல்லா.

கிட்டாரை என் கழுத்திலிருந்து கழற்றி, அதன் நீளக் காம்பைப் பிடித்து, வெட்டுகிற மாதிரி வீசினேன். தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் வெளியிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும். “நான் உன் அண்ணன்டி!” என்று அலறினான். “தெரியுமே” என்று சொல்லி இன்னொன்று வைத்தேன். கிட்டார் இரண்டாகப் போனது. மூன்றாவதற்கு ஹோபர்ட் என்னைப் பிடித்துக்கொண்டான். பின்னாலேயே வந்த தாய்மார் யாரும் யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை. கைப்பையாலும் செருப்பாலும் அவனைத் துவைத்துத்தான் போலீஸிடம் கொடுத்தார்கள்.

இனி மற்றதைக் கேள். போன ஞாயிறு சபையில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார் பாஸ்டர் கிரிம்ஸ்லி. அண்ணனை அடித்ததற்கு இல்லை. “ஆவியானவர் இறங்கியிருக்கிற நேரத்துல வாசிப்பை நிறுத்தினியே, அதுக்கு மன்னிப்புக் கேளு” என்றார். “ஒரு பொம்பளை செத்துக்கிட்டிருந்தா பாஸ்டர்” என்றேன். “அதை ஆவியானவர் பாத்துக்கிட்டிருப்பார்” என்றார். “பக்கத்து நாற்காலியில இருந்தவனை நீங்க பாத்துக்கிட்ட மாதிரியா?” என்று கேட்டேன். கிட்டார் இடத்தில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலில் இரண்டு முறை கல் விழுந்தது. சித்தப்பா பையன்கள்தான், கல் எறிகிற விதத்திலேயே தெரிகிறது.

டாலிவரின் வக்கீல் வந்தார். நான் கூண்டில் ஏறி, பாட்டுச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னால் போதுமாம். நான் சிரித்துவிட்டேன். எந்தப் பாட்டு என்று கேட்டேன்.

விசாரணை நவம்பர் பன்னிரண்டு. நான் சொல்லப் போகிறேன். இந்தத் தடவையையும் சொல்வேன், இட்டா பீனாவையும் சொல்வேன். அம்மா இல்லாதது நல்லதாகப் போயிற்று. அவன் என் அண்ணன், அழுகை வரத்தான் செய்கிறது, ஆனாலும் சொல்வேன்.

கத்தியை வைத்துவிட்டு வா என்று நான்தான் எழுதினேன். அந்தக் கடிதத்தை நீ ஒட்டி வைத்திருந்தால் மறுபடி கிழித்துவிடு.

வெர்னெல்


டெட்ராய்ட்
அக்டோபர் 28, 1984

வெர்னெல்,

கிழிக்கவில்லை. பசை தீர்ந்துவிட்டது.

உள்ளே நடந்ததை நான் எழுதுகிறேன். நீ தொடங்கியதும் நான் அறை மூலையில் சுவரைப் பார்த்து நின்று தொண்டையைச் சரி செய்துகொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக வந்திருக்கிறான். தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் பார்த்தேன். என் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். கத்தியைத் தேடினான். இல்லை என்றதும் சிரித்தான். பிறகு இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்தான். அன்று நான் சவரக்கத்தியால் கிழித்த கையில் பிடி கொஞ்சம் தளர்வு. அதனால்தான் உயிரோடு இருக்கிறேன், டாக்டரே சொன்னார்.

சுவருக்கு அந்தப் பக்கம் நீ வாசித்துக்கொண்டிருந்தாய். இன்னொரு சுற்று வாசித்தாய். அதற்குப் பிறகும் ஒரு சுற்று. நான் உன்னைச் சபித்தேன். பொய் சொல்ல மாட்டேன். மூச்சு போகிற நேரத்தில் அவனைக்கூட அவ்வளவு வெறுக்கவில்லை. மறுபடி அதே சுவர், அதே கிட்டார், இவள் சாகும்வரை வாசித்துக்கொண்டேதான் இருப்பாள் என்று நினைத்தேன்.

பிறகு நின்றது.

வெர்னெல், அவனுக்கும் அது கேட்டது. அவன் முகத்தை நான் கிட்டத்தில் பார்த்தேன். கை தளர்ந்தது. சுவரைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ கத்தினான், என்னைச் சுவரில் மோதினான், அதெல்லாம் பயத்தில் செய்தது. அவனோடு வாழ்ந்த காலத்தில் ஒரு நாளும் அவன் பயந்து நான் பார்த்ததில்லை. உன் கிட்டார் இருக்கும்வரை அவனுக்கு என்ன பயம்?

இப்போது என் குரல் துருப்பிடித்த கீல் மாதிரி இருக்கிறது. இனி பாட்டுக்கு ஆகாது என்கிறார் டாக்டர். பாதியில் நின்ற ‘கடைசி வண்டி’யை நான் தொடங்கக்கூட இல்லை. இதை நினைத்து நேற்று முழுக்க அழுதேன். சலவைக் கூடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அழுதேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

சாட்சியை எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார் அரசாங்க வக்கீல். மாட்டேன். இந்தக் குரலில்தான் சொல்வேன். எவ்வளவு நேரமானாலும் அவன் உட்கார்ந்து கேட்கட்டும்.

பதினோராம் தேதி வருகிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன். கல் எறிகிற பையன்களிடம் சொல்லி வை, டிராயர் சாவியை லெமுவேலிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். போன தடவை வறுத்து வைத்த மீனை நான் சாப்பிடவே இல்லை, மறுபடி வறு. கோர்ட்டில் முன்வரிசையில் என் கண்ணுக்கு எதிரே உட்கார்.

புதுக் கிட்டார் வாங்கியிருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

ஒசெல்லா